பொம்மை வேலை செய்யலேன்னா யாரு சரி பண்ணணும்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த சந்தேகம். ஒரு அம்மா கேட்டிருக்காங்க, அப்படியே படிக்கிறேன். "சார், என் பையனுக்கு ஒன்பது வயசு. வீட்லயே பொம்மை செஞ்சு பார்க்கறோம். பாதி பொம்மை வேலை செய்யறதில்ல, அழுதுக்கிட்டே என்கிட்ட தூக்கிட்டு வர்றான், நான்தான் சரி பண்ணிக் குடுக்கறேன். முடிச்சதும் அதுல இருக்கிற தத்துவத்தைச் சொல்லலாம்னு பார்த்தா கேட்காம விளையாட ஓடிடறான். இதுல அவன் சயின்ஸ் எங்க கத்துக்கறான்?"

நல்ல கேள்விம்மா. முதல்ல, நீங்க கூட உக்காந்து செய்றீங்களே, அதுவே பெரிய விஷயம். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வாங்கி சரி பண்றீங்க பாருங்க, அந்தப் பத்து நிமிஷத்துலதான் சயின்ஸ் மொத்தமும் இருக்கு. எங்க தப்புன்னு தேடுறது, இதுவா இருக்குமோன்னு யோசிக்கிறது, மாத்திப் பார்க்கிறது எல்லாத்தையும் நீங்க பண்ணிடறீங்க, அவன் கைக்கு ஓடுற பொம்மை மட்டும்தான் போகுது.

ஒரு உதாரணம் சொல்றேன். பேட்டரி மோட்டார் பல பேர் செஞ்சிருப்பீங்க. எனாமல், அதாவது கரண்ட்டைத் தடுக்கிற பூச்சு, பூசின காப்பர் ஒயரை பேட்டரி மேலயே ஒரு பத்து சுத்து சுத்தி, அந்தச் சுருளை உருவி எடுத்து, அதுதான் காயில், ரெண்டு முனையையும் நேரா வெளிய நீட்டி விட்டு, பேட்டரியோட ரெண்டு பக்கமும் ரெண்டு ஊக்கை ரப்பர் பேண்டால கட்டி, அந்த ஊக்கு ஓட்டைல காயிலை மாட்டி, கீழ ஒரு காந்தம் வச்சா சுத்தும். இதுல ஒரு முனைல எனாமலை முழுசா சுரண்டணும், இன்னொரு முனைல பாதி மட்டும்தான், அதாவது மேல் பக்கம் மட்டும் சுரண்டி அடிப்பக்கம் அப்படியே விடணும். ஒரு தடவை பத்து வயசுப் பொண்ணு ஒண்ணு ரெண்டு முனையையும் பளபளன்னு முழுசா சுரண்டிடுச்சு. காயில் துடிக்குது, இந்தப் பக்கம் ஆடுது அந்தப் பக்கம் ஆடுது, நின்னுடுது. எனக்குக் கை பரபரங்குது, காரணம் எனக்குத் தெரியுமே! ஆனா வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். அது விரலால காயிலை மெதுவா திருப்பித் திருப்பிப் பார்த்துச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு சொல்லுது, "பாதி சுத்துல தள்ளி விடுது, மீதி பாதில பின்னாடி இழுக்குது". நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், அப்போ இழுக்கிற நேரத்துல கரண்ட்டே வரலேன்னா என்ன ஆகும்? அது ஓடிப் போய் நெயில் பாலிஷ் எடுத்துட்டு வந்து ஒரு முனைல பாதிப் பக்கம் தடவி, காய வச்சு, திரும்ப மாட்டுச்சு. சுத்துச்சுங்க! கரண்ட் இல்லாத அந்தப் பாதி சுத்தை காயில் தன்னோட வேகத்துலயே கடந்து போயிடுது, அடுத்த பாதில திரும்ப ஒரு தள்ளு கிடைக்குது. பெரிய மோட்டார்ல கம்யூட்டேட்டர்னு ஒண்ணு இருக்கும், அது பாதி சுத்துக்கு ஒரு தடவை கரண்ட்டோட திசையையே மாத்தி விடும், இதுல அதுக்குப் பதிலா கரண்ட்டை நிறுத்திடறோம், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த வார்த்தையை அன்னிக்கு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன், டக்குனு புடிச்சுக்கிச்சு, ஏன்னா விஷயம் ஏற்கனவே அது கைல இருந்துச்சு, பேர் மட்டும்தான் நான் குடுத்தேன். உங்க பையன் தத்துவம் கேட்காம ஓடுறதுக்கும் இதாம்மா காரணம், அவன் மனசுல கேள்வி வர்றதுக்கு முன்னாடி பதில் வந்துடுது.

அதுக்காக அழுதுட்டு வர்ற புள்ளைய அப்படியே விடச் சொல்லல. ஆரம்பத்துல மோட்டார் வேண்டாம், தப்பு கண்ணுக்குத் தெரியற பொம்மையா எடுங்க. ஸ்ட்ரா பீப்பி இருக்கே, ஸ்ட்ராவோட ஒரு முனைய நல்லா நசுக்கி, ரெண்டு ஓரத்தையும் சாய்வா வெட்டி கூர் பண்ணி, உதட்டுக்குள்ள வச்சு ஊதினா கத்தும். நாதஸ்வரத்துல வாய் வச்சு ஊதுற சீவாளி துடிக்குது பாருங்க, அதே மாதிரி அந்த ரெண்டு நாக்கும் துடிக்கும். சத்தம் வரலேன்னா ஒண்ணு சரியா நசுங்கியிருக்காது, இல்ல ஒரு நாக்கு பெருசு ஒரு நாக்கு சிறுசா இருக்கும், குழந்தையே பார்த்துக் கண்டுபிடிச்சிடும். சத்தம் வந்ததும் கத்தரிக்கோலால முனைய வெட்டச் சொல்லுங்க, ஆனா வெட்டறதுக்கு முன்னாடி கேளுங்க, இப்போ சத்தம் தடிக்குமா கீச்சுன்னு போகுமா? தப்பா சொன்னாலும் பரவால்ல, ஏதாவது ஒண்ணு சொல்லிட்டுதான் வெட்டணும். ஊதிக்கிட்டே வெட்ட வெட்ட சத்தம் மேல மேல போகும், நீளம் பாதியானா கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி மேல போயிடும். இந்த மாதிரி முன்னாடியே ஒரு பதில் சொல்லி வச்ச குழந்தைதான் முடிவை உத்துப் பார்க்கும்.

பேப்பர் ஹெலிகாப்டரும் அப்படித்தான், றெக்கைய எதிர்ப்பக்கம் மடிச்சா எந்தப் பக்கம் சுத்தும், கீழ இன்னொரு க்ளிப் மாட்டினா வேகமா இறங்குமா மெதுவா இறங்குமா. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தணும், இதை மட்டும் கறாரா சொல்லிக் குடுங்க. றெக்கையையும் மாத்தி க்ளிப்பையும் மாத்தினா எதனால என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது.

வெட்டறது, ஓட்டை போடறது, எனாமல் சுரண்டறது இதெல்லாம் சின்னக் கைக்குக் கஷ்டம், தாராளமா செஞ்சு குடுங்க. எங்க வெட்டணும், ஏன் வெட்டணும்னு அவன் சொல்லணும்.

இன்னொருத்தர் இதே மாதிரி, பொம்மை செய்றது விளையாட்டுதானே, படிப்பு கெடாதான்னு கேட்டிருந்தாங்க, அதுக்கும் சேர்த்து சொல்லிடறேன். ஃபாரடேங்கிற இங்கிலாந்து விஞ்ஞானி 1821ல முத முதல்ல கரண்ட்டால ஒரு கம்பியைத் தொடர்ந்து சுத்த வச்சது எப்படின்னு பார்த்தீங்கன்னா, ஒரு கிண்ணத்துல பாதரசம், நடுவுல காந்தம், மேல இருந்து தொங்குற ஒரு கம்பி, அவ்வளவுதான். அப்புறம் அதையே பாக்கெட் சைஸ்ல செஞ்சு மத்த விஞ்ஞானிகளுக்கு அனுப்பி வச்சாரு, நீங்களே சுத்தவிட்டுப் பாருங்கன்னு. அவர் புத்தகம் பைண்டிங் பண்ற இடத்துல வேலை கத்துக்கிட்டவர், கைவேலை தெரிஞ்ச மனுஷன். நம்ம காலத்துல அரவிந்த் குப்தா, ஐஐடி கான்பூர்ல படிச்ச இன்ஜினியர், 2018ல பத்மஸ்ரீ வாங்கினவர், அவர் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வச்சு வடிவியலே சொல்லிக் குடுத்தாரு. சதுரம் செஞ்சு அழுத்தினா சாஞ்சுடும், முக்கோணம் செஞ்சா அசையாது. பாலத்துலயும் டவர்லயும் ஏன் அத்தனை முக்கோணம்னு அப்புறம் குழந்தையே வந்து கேட்கும்.

ஒரு விஷயம் மட்டும் கவனமா கேளுங்க. மோட்டாருக்கு 1.5 வோல்ட் பேட்டரி போதும், வீட்டு ப்ளக் பாயிண்ட் பக்கமே போகக் கூடாது. காயில் நின்னு போய் ஒயர் தொட்டுக்கிட்டே இருந்தா சூடேறும், உடனே கழட்டச் சொல்லுங்க. பட்டன் செல்லும் குட்டிக் குட்டி பவர் காந்தமும் சின்னப் புள்ளைங்க இருக்கிற வீட்ல வேண்டவே வேண்டாம். பட்டன் செல்லை முழுங்கினா 2 மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாய் வெந்து போயிடலாம், காந்தம் ரெண்டு உள்ள போச்சுன்னா குடலை நடுவுல வச்சு ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கும். பழைய ஸ்பீக்கர்ல இருக்கிற பெரிய கறுப்பு காந்தமே இதுக்கு நல்லா வேலை செய்யும்.

உங்க பையனோட மோட்டார் என்னிக்கு சுத்துதோ அன்னிக்கு ஒண்ணு கேளுங்கம்மா, இப்போ காந்தத்தைத் தலைகீழா வச்சா என்ன ஆகும்? அவன் முதல்ல என்ன சொன்னான், வச்சுப் பார்த்ததும் என்ன சொன்னான், ரெண்டையும் எனக்கு எழுதி அனுப்புங்க. சரி, அடுத்த கேள்விக்குப் போலாம்.