ஒரு கோலுக்கு ஏன் இத்தனை கூச்சல்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாட்களாக என்னை விடவே இல்லை. டல்லாஸில் மகன் வீட்டில் தங்கியிருக்கும் ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: "என் பேரன் நாள் முழுக்க செல்போனில் கால்பந்து கோல்களையே பார்க்கிறான். அமெரிக்கர்களுக்கு இந்த ஆட்டம் பிடிக்காது என்பார்களே? ஒரு நிமிட வீடியோவைப் பார்த்து யாராவது ரசிகர் ஆக முடியுமா?"

ஆக முடியும் அம்மா. என் கண்ணெதிரே ஒரு நாடே அப்படி ஆனதைப் பார்த்திருக்கிறேன்.

2010 ஜூன் 23. ஆண்கள் உலகக் கோப்பை. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் அமெரிக்காவும் அல்ஜீரியாவும் ஆடின. நமக்கு அப்போது இரவு ஏழரை மணி. என் தங்கை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன், தட்டில் கை காய்ந்துபோகும் வரை எழுந்திருக்கவில்லை. 21-வது நிமிடத்தில் அமெரிக்காவின் டெம்ப்சி கோல் போட்டார், ஆஃப்சைடு, அதாவது நிற்கக் கூடாத இடத்தில் நின்றார் என்று கொடி தூக்கிவிட்டார்கள். மறுபடி பார்த்தால் அது ஆஃப்சைடே இல்லை. பிற்பாதியில் அவர் அடித்த இன்னொரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 90 நிமிடம் முடிந்தது, ஒரு கோலும் இல்லை. அப்படியே முடிந்தால் அமெரிக்கா ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

அப்போது அமெரிக்க கோல்கீப்பர் டிம் ஹவர்ட் பந்தைக் கையால் நீளமாக வீசினார். லேண்டன் டோனவன் அதை எடுத்துக்கொண்டு ஓடி வலப்பக்கம் ஆல்டிடோருக்குக் கொடுத்தார், அவர் குறுக்கே அனுப்பினார், டெம்ப்சி அடித்ததை அல்ஜீரிய கோல்கீப்பர் தடுத்தார். தெறித்து வந்த பந்தை, பின்னாலேயே ஓடிவந்த டோனவன் வலைக்குள் தள்ளினார். 91-வது நிமிடம்! வெளியேற இருந்த அணி, அதே பிரிவில் இருந்த இங்கிலாந்துக்கும் மேலே முதலிடத்துக்குப் போய்விட்டது.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது புதன்கிழமை காலை, மணி பன்னிரண்டு கூட ஆகவில்லை. பலர் அலுவலகத்தில் இருந்தார்கள். கம்ப்யூட்டரில் வேலையை ஒரு ஜன்னலிலும் ஆட்டத்தை இன்னொரு ஜன்னலிலும் வைத்துப் பார்த்தார்கள். கத்த முடியாத இடத்தில் இருப்பவன் என்ன செய்வான்? எழுதுவான். இணையத்தில் கொட்டினார்கள். பார்களில் கூடியிருந்தவர்கள் வேறு ஒன்று செய்தார்கள். அந்த நொடியில் தாங்கள் குதித்ததையும் அழுததையும் படம் பிடித்து யூடியூபில் போட்டார்கள். ஊர் ஊராக வந்த அந்தத் துண்டுகளை யாரோ ஒன்றாகக் கோத்தும் போட்டார்கள். கோலை விட, கோலைப் பார்த்தவர்களின் முகங்களைத்தான் நான் அதிகம் முறை பார்த்திருப்பேன்.

இங்கே நான் எப்போதும் சொல்வதை மறுபடி சொல்கிறேன், பழைய நேயர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கூச்சல் கோலுக்காக இல்லை, காத்திருப்புக்காக. கூடைப்பந்தில் அரை நிமிடத்துக்கு ஒரு முறை புள்ளி விழும், அதனால் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கைதட்டல். கால்பந்தில் ஒன்றரை மணி நேரம் அடக்கிவைத்தது ஒரே மூச்சில் வெளியே வருகிறது. பொங்கல் பானையைச் சுற்றி நிற்கிறோமே, பால் பொங்கும் அந்த நொடியில் ஏன் அவ்வளவு சத்தம்? அதே காரணம்தான்.

இதற்கு இன்னொரு சாட்சி, 2011 ஜூலை 10, ஜெர்மனியின் டிரெஸ்டன். பெண்கள் உலகக் கோப்பைக் காலிறுதி. ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியதால் அமெரிக்கா பத்துப் பேருடன் ஆடுகிறது. கூடுதல் நேரத்திலும் பிரேசில் 2-1 என முன்னிலை. பிரேசில் வீராங்கனை ஒருவர் அடிபட்டதாகக் கீழே படுத்தார், ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள், எல்லைக்கோட்டைத் தாண்டியதும் எழுந்து ஓடி வந்தார். அப்படிக் கழிந்த நேரத்தையும் நடுவர் சேர்த்துக் கொடுத்தார். அந்த நிமிடங்களில்தான், 122-வது நிமிடத்தில், மேகன் ரபீனோ இடப்பக்கத்திலிருந்து தூக்கி அனுப்பினார், ஆபி வாம்பாக் தலையால் முட்டினார். ஆட்டம் சமன். பிறகு பெனால்டியில், அதாவது இரு அணியும் மாறி மாறி கோலை நோக்கி அடிக்கும் முறையில், வென்றார்கள்.

ஒரு வாரம் கழித்து இறுதிப் போட்டியில் ஜப்பானிடம் பெனால்டியில் தோற்றார்கள். அன்று ட்விட்டரில் ஒரு நொடிக்கு 7,196 பதிவுகள். அதுவரை எந்த நிகழ்ச்சிக்கும் அவ்வளவு வந்ததில்லை. கவனியுங்கள், அது அமெரிக்கா தோற்ற ஆட்டம். 2014 உலகக் கோப்பையில் ஆண்கள் அணியும் பெல்ஜியத்திடம் தோற்றது. அன்றைய கணக்கில் ஹவர்ட் 16 பந்துகளைத் தடுத்தார். உடனே விக்கிப்பீடியாவில் யாரோ அவரை நாட்டின் பாதுகாப்புத் துறைச் செயலாளர் என்று மாற்றி எழுதிவிட்டார்கள். உலகில் காப்பாற்ற வேண்டியதை எல்லாம் அவர் பாய்ந்து காப்பாற்றுவது போலப் படங்கள் குவிந்தன. அதிபர் ஒபாமாவே தொலைபேசியில் பாராட்டினார். வென்றவர்கள் பின்னால் மட்டும் கூட்டம் போகிறது என்ற பேச்சை நான் ஏற்காததற்குக் காரணம் இந்த இரண்டு தோல்விகள்தான்.

சரி, அந்த அம்மா கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதுதான் பெரிய கேள்வி. வீடியோ பார்த்து வாசல் வரை வந்தவனை உள்ளே உட்கார வைப்பது யார்?

என் பதில், பெண் பிள்ளைகள். அமெரிக்காவில் 1972-இல் டைட்டில் நைன் என்ற சட்டம் வந்தது. அரசு உதவி பெறும் கல்வி நிலையங்களில் பெண்களை ஒதுக்கக் கூடாது என்றது, விளையாட்டுக்கும் அது பொருந்தியது. அதற்கு முன் உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடிய பெண்கள் மூன்று லட்சம் கூட இல்லை. இன்று முப்பது லட்சத்துக்கு மேல். அவர்களில் பெருங்கூட்டம் கால்பந்துக்கு வந்தது. 1999 ஜூலை 10 அன்று, டிரெஸ்டனுக்குச் சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு, அமெரிக்காவின் ரோஸ் பௌல் மைதானத்தில் பெண்கள் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. 90,185 பேர் பார்க்க பிராண்டி சாஸ்டெய்ன் கடைசிப் பெனால்டியை அடித்து அமெரிக்காவை வெல்ல வைத்தார். அதைப் பார்த்த சிறுமிகள் இன்று தாய்மார்கள். வார இறுதியில் பிள்ளைகளை மைதானத்துக்குக் காரில் கொண்டுபோய் விடுகிறவர்களில் அவர்கள் இருக்கிறார்கள்.

அதனால்தான் 2017-இல் ஆண்கள் அணி டிரினிடாடிடம் 2-1 எனத் தோற்று அடுத்த ஆண்டு உலகக் கோப்பைக்கே போக முடியாதபோதும் ஆட்டம் அங்கே சாகவில்லை. 1996-இல் பத்து அணிகளுடன் தொடங்கிய அவர்களின் லீக்கில் 2025-இல் முப்பது அணிகள். அங்கே ஆட்டத்தின் மீது ஆர்வம் கூடியதில் மெஸ்ஸி மயாமி அணிக்கு வந்ததற்கும் பங்கு உண்டு. 2023 ஜூலையில் முதல் ஆட்டத்திலேயே 94-வது நிமிட ஃப்ரீகிக்கில் கோல் போட்டாரே, உங்கள் பேரன் அதைக் கட்டாயம் பார்த்திருப்பான்.

அம்மா, அடுத்த முறை அவன் போனை நீட்டும்போது அந்த அல்ஜீரியா ஆட்டத்தை முழுதாகத் தேடிப் போடச் சொல்லுங்கள். கோல் 91-வது நிமிடத்தில் என்று தெரிந்திருந்தாலும் பரவாயில்லை, முதலிலிருந்து அவனோடு உட்காருங்கள். டெம்ப்சியின் பந்து கம்பத்தில் படும்போது அவன் என்ன செய்கிறான் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.