பேய்ப் படத்தில பகிடி ஏன் எடுபடுகுதில்லை? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இண்டைக்கு ஒரு கேள்விதான் எடுக்கிறன், ஏனெண்டா கொஞ்சம் விரிவாக் கதைக்க வேண்டிக் கிடக்கு. திருகோணமலை உப்புவெளியிலயிருந்து ஒரு தம்பி கேட்டு அனுப்பியிருக்கிறார்: "அண்ணை, கிட்டடியில வந்த பேய்ப் பகிடிப் படங்களில கனக்கத்தில பயமும் வரேல்ல, சிரிப்பும் வரேல்ல. ஒண்டு ரெண்டுதான் எடுபடுது. அது ஏன்? நாங்கள் நாலு பெடியள் சேர்ந்து பத்து நிமிசக் குறும்படம் ஒண்டு எடுக்கப்போறம். போன் கமராதான். எதைக் கவனிக்கோணும்?"

கேள்வி ரெண்டு மாதிரித் தெரியுது, மறுமொழி ஒண்டுதான். பேய்க்கு ஒரு சட்டம் இருக்கோணும். ஆரைப் பிடிக்கும், எப்ப வரும், எங்க வராது, என்ன செய்தா விட்டிட்டுப் போகும். இவ்வளவும் படம் துவங்கிக் கால் மணித்தியாலத்துக்குள்ள பாக்கிற சனத்துக்கு விளங்கியிருக்கோணும். விளங்கினாத்தான் "ஐயோ, உங்கால போகாதையடா" எண்டு மனசு அடிக்கும். பகிடியும் அந்தச் சட்டத்துக்குள்ளயிருந்துதான் வருது. சட்டம் தெரிஞ்ச மனுசர் தப்புறதுக்கு என்னென்ன கூத்துக் காட்டுகினம் எண்டதுதான் பகிடி. பேய் பகிடி விடப்படாது. பேய் தன்ர வேலையைப் பாக்கோணும்.

2018இல வந்த ஹிந்திப் படம் 'ஸ்த்ரீ' எடுங்கோ. பூசை நடக்கிற நாளுகளில ராவில வரும், ஆம்பிளையளைத்தான் பிடிக்கும், பின்னால நிண்டு பேர் சொல்லிக் கூப்பிடும், திரும்பினா ஆள் சரி, உடுப்பு மட்டும் கிடக்கும். வீட்டுச் சுவரில "ஸ்த்ரீ, நாளைக்கு வா" எண்டு எழுதிவைச்சா வாசிச்சிட்டுப் போயிடும். அவ்வளவுதான் சட்டம். இதால என்ன நடக்குது? ஊர் ஆம்பிளையள் முழுக்க ராவில வெளிய போகப் பயப்பிடுகினம், பொம்பிளையள் "கவனமாப் போட்டு வாங்கோ" எண்டு சொல்லுகினம். உலகத்தில நடக்கிறது அப்பிடியே தலைகீழாகுது. தனியாப் பகிடி எழுதவே தேவையில்லை, சட்டமே எழுதிக் குடுக்குது. ரெண்டாம் பாகம் 2024 ஓகஸ்ட் 15 வந்தது. அதில தலையில்லாத முண்டம், கிராபிக்ஸ், கெஸ்ட் ரோல் எல்லாம் சேர்ந்து படம் பெரிசாப் போச்சு. வசூல் அடிச்சது, மறுக்கேல்ல. ஆனா முதல் பாகத்தில இருந்த அந்த ஒழுங்கை வேலி இருட்டுப் பயம் இதில இல்லை.

மலையாளத்தில 'ரோமாஞ்சம்', 2023. 2007ஆம் ஆண்டு பெங்களூரில ஒரு வாடகை வீடு, ஏழு பெடியள், ஆவியைக் கூப்பிடுற ஓஜா போர்ட், மேல ஒரு கிளாஸ், அதில விரல். பேய் எண்டு ஒரு உருவத்தை முன்னால கொண்டுவந்து நிப்பாட்டாமலே கன நேரம் ஓடுது. கிளாசை ஆர் தள்ளினது எண்ட ஒரேயொரு சந்தேகத்திலதான் பயமும் சிரிப்பும் நிக்குது. செலவில்லாம எடுக்க நினைக்கிற ஆள் முதல்ல பாக்கவேண்டிய படம் இதுதான்.

தமிழுக்கு வாங்கோ. 2011 'காஞ்சனா'வில லோரன்ஸ் நடிச்ச ஆளுக்கு ஒரு சட்டம் கிடந்தது: பொழுதுபட்டா வெளிய தனியப் போகமாட்டான், தாய் கூட வரோணும். அது பேயின்ர சட்டம் இல்லை, பயந்தாங்கொள்ளியின்ர சட்டம். அதுவும் வேலை செய்யும். பிறகு வந்த பாகங்களில அதே கத்தல், அதே தூக்கிக் குந்துறது, அதே அடி. புதுசா ஒண்டும் இல்லை. 2023இல சந்தானத்தின்ர 'டிடி ரிட்டர்ன்ஸ்' நல்லா எடுபட்டதுக்குக் காரணம் அதில பேயள் விளையாட்டு வைக்குதுகள். விளையாட்டெண்டாலே சட்டம்தானே. தோத்தா உயிர் போகும், வெளிய ஓடலாமெண்டா காசு உள்ளுக்குக் கிடக்கு. அதே கூட்டம் 2025இல எடுத்த 'டிடி நெக்ஸ்ட் லெவல்' கேக்க நல்ல யோசனை: படத்தைத் திட்டி விமர்சனம் போடுறவனைப் பேய் ஒண்டு படத்துக்குள்ளயே இழுத்துப் போடுது. என்னை மாதிரி ஆக்களுக்கு நடக்கவேண்டியதுதான்! ஆனா உள்ளுக்குப் போனாப் பிறகு சட்டம் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா மாறுது. எது நடந்தாலும் நடக்கலாமெண்டா எதுக்குப் பயப்பிடுறது?

'அரண்மனை 4', 2024. அதில அசாம் பக்கத்துப் பேய், பாக் எண்டு பேர். ஆளின்ர உருவத்தை எடுக்கும். எவ்வளவு நல்ல சட்டம் பாருங்கோ, பக்கத்தில நிக்கிறது தங்கச்சியோ பேயோ தெரியாது. இதை வைச்சு யோகி பாபுவையும் கோவை சரளாவையும் பைத்தியமாக்கியிருக்கலாம். படத்தில பகிடிக் கூட்டம் ஒரு பக்கம், பேய் ஒரு பக்கம், ரெண்டு படம் ஒரு வீட்டுக்குள்ள வாடகைக்கு இருக்கிற மாதிரி. பகிடி வரேக்க பயம் நிக்குது, பயம் வரேக்க பகிடிக்காரரைக் காணேல்ல. இந்த நோய் கனக்கப் படத்துக்கு இருக்கு. அதோட இடைவேளைக்குப் பிறகு அரை மணித்தியாலம் பேயின்ர சோகக் கதை வேற. அழுதுபோட்டு வந்த பேயைப் பாத்துப் பயப்பிட ஏலாது, பாவம் பாக்கத்தான் ஏலும்.

பகிடியே இல்லாம சட்டத்தை மட்டும் வைச்சு என்ன செய்யலாமெண்டு பாக்கோணுமெண்டா 'பிரமயுகம்' பாருங்கோ, 2024, முழுக்கக் கறுப்பு வெள்ளை. மம்முட்டி தாயம் விளையாடக் கூப்பிடுறார், பந்தயம் மற்ற ஆளின்ர நேரம். அந்த இடத்தில அவர் சிரிக்கிற சிரிப்புக்கு ஒரு பேய் மேக்கப்பும் கிட்ட வராது. தயவுசெய்து போனில, லைற்றைப் போட்டுக்கொண்டு பாக்காதேங்கோ. கறுப்புக்குள்ள கறுப்பாத்தான் பாதிப் படம் கிடக்கு.

இதில ஒரு விசயம், வீட்டில டீவியில பாத்துப்போட்டு "பயமே வரேல்ல" எண்டு சொல்லுறவை முதல்ல டீவி செற்றிங்கைப் பாருங்கோ. சவுண்ட் பக்கத்தில நைட் மோட் போட்டிருந்தா அது சின்னச் சத்தத்தை ஏத்தி, பெரிய சத்தத்தை இறக்கி, எல்லாத்தையும் ஒரு மட்டமாக்கிப்போடும். திடுக்கிடுற இடம் அதிலயே செத்துது. மோஷன் ஸ்மூத்திங் போட்டிருந்தா படம் பின்னேர சீரியல் மாதிரி வழுக்கும். ரெண்டையும் நிப்பாட்டுங்கோ. சப்டைட்டிலோட பகிடிப் படம் பாத்தா, வாயால சொல்ல முந்தியே எழுத்து வந்திடும், பகிடி தெரிஞ்சிடும். அதுக்கு ஒண்டும் செய்ய ஏலாது.

சரி, உங்கட படம். காசு போகவேண்டியது கமராவுக்கில்லை, சத்தத்துக்கு. திடுக்கிட வைக்கிறது எப்பிடியெண்டா, பெரிய சத்தம் போடுறதால இல்லை, அதுக்கு முந்தி ரெண்டு மூண்டு செக்கன் சத்தத்தை இறக்கிறதால. எடிற்றிங்கில கதை பேச்சை மைனஸ் 12 டெசிபல் அளவில வையுங்கோ, திடுக்கிடுற அடி மைனஸ் 3. இடையில 9 டெசிபல் ஏறுது. பேச்சையே மைனஸ் 5இல கத்த விட்டா அடிக்கு மேல ஏற இடமில்லை, 0ஐத் தாண்டினாச் சத்தம் பிளந்துபோகும். அதைவிட, இறக்கிறதெண்டு முழுசா வெட்டிப்போடாதேங்கோ. ஒண்டுமே கேக்காட்டி சனம் ஸ்பீக்கர் பழுதாப் போச்சு எண்டுதான் நினைக்கும். ஒவ்வொரு அறையிலயும் ஆரும் அசையாம ஒரு நிமிசம் சும்மா பதிவு பண்ணுங்கோ: பேன், பிறிட்ஜ், பல்லி, வெளிய தவளை. பிறகு ஒண்டொண்டா இல்லாமலாக்குங்கோ. பேன் நிக்கிறது, பிறிட்ஜ் நிக்கிறது, கடைசியாத் தவளையும் நிக்கிறது. தவளை நிண்டா எங்கட சனத்துக்குத் தெரியும், வெளிய ஆரோ நடக்கினம் எண்டு. ஒரு சதச் செலவில்லை.

படமும் அடிச் சத்தமும் ஒரே பிரேமில விழோணும். சத்தம் ஒரு பிரேம் பிந்தினாலும் பரவாயில்லை, முந்தவே கூடாது. முந்தினா கண் ஆயத்தமாகிடும். பகிடிக்கு மற்றப் பக்கம்: வசனம் முடிஞ்சவுடன வெட்டாதேங்கோ, கேட்டவன்ர முகத்தில ஒண்டு, ஒண்டரைச் செக்கன் நில்லுங்கோ. சிரிப்பு அங்கதான் வரும். "டொய்ங்" எண்டு ஒரு சத்தம் போடுறியள் பாருங்கோ, அதைப் போட்டாச் சரி, பேய் திரும்ப வந்தாலும் சனம் நம்பாது. பயமும் பகிடியும் ஒரே நொடியில வேண்டாம். பகிடியில தோள் இறங்கும். ஒரு நாலைஞ்சு செக்கன் இறங்க விடுங்கோ, அதுக்குப் பிறகு அடியுங்கோ. பூனை பாயிற பொய்ப் பயம் ஒருக்காத்தான், ரெண்டாந்தரம் பூனைக்கே சலிச்சிடும்.

போனில எடுக்கேக்க செக்கனுக்கு 25 பிரேம், ஷட்டர் செக்கனில ஐம்பதில ஒண்டு. எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதால இந்தக் கணக்கில எடுத்தா மலிவான எல்.ஈ.டி பல்ப் மினுங்காது. 30 பிரேமில, 60இல ஒண்டில எடுத்துப்போட்டுப் படம் முழுக்கப் பட்டை ஓடுது எண்டு பிறகு அழக்கூடாது. எக்ஸ்போஷரை, அதாவது போன் எடுக்கிற வெளிச்ச அளவை, மாறாமல் பூட்டுங்கோ. பூட்டாட்டி டோச் லைற் பிரேமுக்கு வெளிய போனவுடன போன் தானா வெளிச்சத்தைக் கூட்டும், ஒளிச்சு நிக்கிற பேய் பல்லைக் காட்டிக்கொண்டு வடிவாத் தெரியும். ஐ.எஸ்.ஓவை (கமரா வெளிச்சத்தை உணருற அளவை) கூட்டி இருட்டை எடுக்கலாமெண்டு பாக்காதேங்கோ, மணல் கொட்டின மாதிரி வரும். யன்னலுக்கு வெளிய ஒரு லைற், அதுக்கு முன்னால ஒரு பூவரசங் கொப்பு, அந்த நிழல் முகத்தில ஒரு பக்கம் விழட்டும், காணும்.

மே தொடக்கம் செப்ரெம்பர் வரை கச்சான் காத்து அடிக்கேக்க வெளிய வசனக் காட்சி வைக்காதேங்கோ. மைக்குக்குப் போடுற பஞ்சு உறை தாங்காது, மயிர் வைச்ச உறை போட்டாலும் பனையோலை சரசரப்பு எல்லா வசனத்துக்கும் மேலால போகும். வெளிய நடக்கட்டும், கதைக்கிறதை வீட்டுக்குள்ள வையுங்கோ. திருகோணமலைக் கோட்டைக்குள்ள எடுத்தா நல்லாயிருக்கும், மான் நிக்கும், இராவணன் வெட்டெண்ட பாறைப் பிளவும் மலையிலயிருந்து ஒரு ஒல்லாந்தப் பெட்டை குதிச்ச கதையும் கைக்கெட்டின தூரத்தில கிடக்கு எண்டு மனம் ஓடும். அது ஆமியின்ர இடம், அனுமதி இல்லாமல் கமராவோ ட்ரோனோ கொண்டுபோகாதேங்கோ. இன்னொண்டு, பெரிய இடத்துக்குப் பெரிய கதை வேணும். பத்து நிமிசத்துக்கு ஒரு வீடு காணும்.

ரத்தம் வேணுமெண்டா ரெண்டு கப் சீனி, ஒரு கப் தண்ணி, பாகாக் காய்ச்சி ஆறவிட்டுச் சிவப்புக் கலர், மேல கொஞ்சம் கறுப்புக் கோப்பி. கோப்பி போடாட்டி சர்பத் மாதிரித்தான் தெரியும். கால் மணித்தியாலத்தில எறும்பு வரும், அந்த ஷொட்டைக் கெதியா எடுங்கோ. எலும்பு முறியிற சத்தத்துக்குக் கரட்டை மைக்குக்குக் கிட்ட வைச்சு முறியுங்கோ.

கதைக்கு ஒரு சட்டம் நானே சொல்லித் தாறன், எடுத்தா எடுங்கோ. ராவில ஆராவது பேர் சொல்லிக் கூப்பிட்டா முதல் கூப்பிட்டுக்கு மறுமொழி சொல்லாத, மூண்டாந்தரம் கூப்பிட்டாத்தான் "ஓம்" எண்டு சொல்லு எண்டு வீட்டுப் பெரியாக்கள் சொல்லுவினமே, அதைத்தான் தலைகீழாக்கிறம். உவர்மலையில ஒரு வீடு, நாலு பெடியள், அம்மா கோயிலுக்குப் போட்டா, கரண்ட் போகுது. ஒருத்தன் மற்றவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுறான், "ஓம்" எண்டு மறுமொழி கிணத்தடியிலயிருந்து வருது. அந்தப் பேருக்குரியவன் இவனுக்குப் பக்கத்திலதான் நிக்கிறான். அவ்வளவுதான் பேய்: பேரைக் கேட்டா மறுமொழி சொல்லும், ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கிட்ட வரும். கிணத்தடி, குசினி வாசல், கதவுக்குப் பின்னால. உருவம் காட்டவே வேண்டாம், ஒரு குரல் போதும்.

அதுக்குப் பிறகு ஒருத்தனும் ஒருத்தன்ர பேரைச் சொல்லமாட்டான். "டேய் இவனே", "அடேய் அந்த முதலாவது ஆள்", "மூத்தக்காவின்ர ரெண்டாவது" எண்டுதான் கூப்பிடவேணும். இருட்டுக்குள்ள ஆர் ஆரெண்டு தெரியாமல் பாதி வசனமும் அதிலயே போகும். பட்டப்பேர் சொன்னாப் பேய் கணக்கெடுக்குமோ எடுக்காதோ எண்டு அவங்களுக்குள்ள சண்டை வரும், அந்தச் சண்டையை ஒரு ரெண்டு நிமிசம் ஓட விடுங்கோ, அதுதான் படத்தின்ர நடு. பிறகு எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு மூலையில. தவளை நிக்குது.

வெளிய கேற் திறக்கிற சத்தம். அம்மா. கேற்றடியில நிண்டுகொண்டே, பள்ளிக்கூட றெஜிஸ்ரர் வாசிக்கிற மாதிரி, நாலு பேரின்ர முழுப் பேரையும் உரத்துக் கூப்பிடுறா. பெடியளின்ர முகத்தில ஒண்டரைச் செக்கன் நில்லுங்கோ. ஒரு "ஓம்". பிறகு மூண்டு "ஓம்", நாலும் நாலு பக்கத்திலயிருந்து. அதில வெட்டுங்கோ.