ஆற்று நீரை எப்போது, எங்கே எடுத்துச் சோதிப்பது?

[காட்சி: பாலத்தடியில் கறுத்து ஓடும் ஆறு]

தொழிற்சாலைகளுக்கு நடுவே ஓடும் ஆற்றில் உச்சி வெயிலில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து, ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிடாதீர்கள். வெயிலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும். அளவு ஏறித் தெரியும். 30 டிகிரி செல்சியஸில் நன்னீரில் கரைந்து நிற்பது லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம்தான். ஆக்சிஜன் மீட்டர் 11 காட்டினால் பாசி மண்டிய நீர் என்று பொருள். இரவெல்லாம் அதே பாசி ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால், விடிவதற்குச் சற்று முன் அளந்தால்தான் மீன்கள் திணறும் அளவு தெரியவரும்.

[காட்சி: ஆற்றின் குறுக்கே மீட்டரை இறக்குகிறார்கள்]

கழிவுக்குழாய்க்கு மேற்புறம், அதாவது நீர் வரும் பக்கம், ஓர் இடம்; கீழ்ப்புறம், நீர் போகும் பக்கம், ஓர் இடம். குழாய் வாயிலேயே பிடித்தால் பாட்டிலில் வருவது கழிவு, ஆறல்ல. கழிவு நெடுந்தூரம் ஒரே கரையை ஒட்டியே போகும். குறுக்காக நாலைந்து இடத்தில் கடத்துதிறனை, அதாவது நீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவை, அளந்து பாருங்கள். எண்கள் ஒத்துவரும் இடத்தில்தான் நீர் கலந்திருக்கிறது. கீழ்ப்புற மாதிரியை அங்கே எடுங்கள்.

[காட்சி: 300 மில்லி கண்ணாடி பாட்டில், மிக அருகில்]

ஆக்சிஜன் மீட்டரில் சந்தேகம் வந்தால், வேதிப்பொருள் விட்டு ஆக்சிஜனைச் சோதிக்கும் விங்க்ளர் முறை. காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, மாங்கனீஸ் சல்ஃபேட்டும் அயோடைடு-அசைடு காரக் கரைசலும் விட்டு, மூடிக் கவிழ்த்துக் கலக்குங்கள். படிவு பழுப்பாகத் திரண்டால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் துளியும் இல்லை. ஒரு சிறு குமிழி மாட்டிக்கொண்டாலும் செத்த ஆறு பழுப்பு காட்டும்.

உலோகச் சோதனைக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம், சிஓடி (கழிவை வேதிப்பொருளால் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) பாட்டிலில் கந்தக அமிலம், இரண்டிலும் பிஹெச் 2-க்குக் கீழே. பிஓடி (பாக்டீரியாக்கள் கழிவைத் தின்னும்போது இழுக்கும் ஆக்சிஜன்) பாட்டிலில் அமிலமே கூடாது. பனிக்கட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும்.

பிஓடி குறைவு, சிஓடி மிக அதிகம் என்று வந்தால் நிம்மதியடையாதீர்கள். பிஓடியை உண்டாக்குவதே கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள்தான். குரோமியம், தாமிரம் போன்றவை அவற்றைக் கொன்றிருந்தாலும் எண் குறைவாகவே வரும்.

[காட்சி: பாசி படர்ந்த சென்சார்]

நள்ளிரவில் திறந்துவிடும் கழிவைப் பகல் மாதிரி பிடிக்காது. கடத்துதிறன் சென்சாரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிய விட்டு, எண் திடீரென ஏறினால் தானியங்கிக் கருவி பாட்டிலை நிரப்பும்படி இணையுங்கள். சென்சாரில் பாசிப்படலம் படிந்தால் எண் மெல்ல விலகும். துடைப்பதற்கு முன் ஓர் அளவு, துடைத்தபின் ஓர் அளவு எழுதிவையுங்கள். அந்த வித்தியாசம் இல்லாமல் கடந்த வாரத்துப் பதிவுகளைத் திருத்த முடியாது.