ஏலத்துக்கு வரும் பழைய தங்கக் கைக்கடிகாரம்: அசலா, எவ்வளவு வரை கேட்கலாம்?

அடுத்த கேள்வி காவேரிப்பட்டணத்திலிருந்து வந்திருக்கிறது. அப்படியே வாசிக்கிறேன். "அண்ணா, பெங்களூரில் ஓர் ஏலத்துக்கு 1950களைச் சேர்ந்த ஒமேகா தங்கக் கைக்கடிகாரம் வருகிறது. 18 கேரட் என்று போட்டிருக்கிறார்கள். மதிப்பு 2 லட்சம் என்று குறித்திருக்கிறார்கள். முந்தைய நாள் நேரில் பார்க்கலாமாம். கிருஷ்ணகிரி நகைக்கடையில் இருப்பதுபோல் கேரட் மீட்டரில் வைத்துப் பார்த்தால் போதுமா? எவ்வளவு வரை கேட்கலாம்?"

தம்பி, நீங்கள் இரண்டு கேள்விகளை ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டீர்கள். தங்கம் அசலா என்பது ஒன்று. கடிகாரம் அசலா என்பது முற்றிலும் வேறு. கேஸ், அதாவது வெளிக்கூடு, கெட்டித் தங்கமாக இருக்கும், உள்ளே ஓடும் மெஷின் வேறொரு கடிகாரத்திலிருந்து வந்திருக்கும். மெஷின் சுத்தமான ஒமேகாவாக இருக்கும், கேஸ் முலாம் பூசிய பித்தளையாக இருக்கும். இரண்டு வகையும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன.

முதலில் கேரட் மீட்டர். அந்தக் கருவி மேற்பரப்பில் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழத்தை மட்டும்தான் படிக்கும். பழைய கடிகாரங்களில் 20 மைக்ரான், 40 மைக்ரான் என்று கனமாகத் தங்கம் ஏற்றியிருப்பார்கள். அதை மீட்டரில் வைத்தால் '18 கேரட்' என்றுதான் சொல்லும். கருவி பொய் சொல்லவில்லை. அது பார்த்தது மேல்தோலை. எனவே வைப்பதானால் பளபளக்கும் முகப்பில் வைக்காதீர்கள். ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளின் உட்பக்கம், பின்மூடியின் உட்பக்கம், தேய்ந்த ஓரம் ஆகிய இடங்களில் வைக்கச் சொல்லுங்கள். உரைகல், அமிலம் எல்லாம் வேண்டவே வேண்டாம். ஏலத்தில் பார்வைக்கு வைத்த பொருளை உரச யாரும் விடமாட்டார்கள். விட்டாலும் நீங்கள் செய்யக் கூடாது.

கண்ணாலேயே பிடிக்கலாம். லென்ஸ் எடுத்துக்கொண்டு கொம்பின் நுனியையும் சாவி கொடுக்கும் குமிழுக்கு அருகில் விரல் உரசும் இடத்தையும் பாருங்கள். முலாம் என்றால் அங்கேதான் முதலில் தேயும். மஞ்சள் நிறத்துக்குக் கீழே வெளிறிய பித்தளையோ சாம்பல் நிற உலோகமோ எட்டிப்பார்க்கும். கெட்டித் தங்கம் எவ்வளவு தேய்ந்தாலும் அடியில் அதே தங்கம்தான். பின்மூடி துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் முன்பக்கம் முலாம்தான். '18 கே' என்பதற்குப் பின்னால் 'ஜிபி' என்று இரண்டு எழுத்து இருந்தால் அது வெறும் முலாம். '14 கே கோல்டு ஃபில்டு' என்றால் தங்கத் தகடு ஒட்டியது. அந்தச் சின்ன எழுத்தைப் படிக்காமல் பணத்தைக் கட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம் வீடுகளில் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்குப் போட்ட ஹெச்எம்டி காஞ்சனும் முலாம்தான். அதைத் தங்கம் என்று எடுத்துக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம்.

இப்போது முக்கியமான இடம். பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்கமாட்டோம் என்றால் திரும்பி பஸ் ஏறி வந்துவிடுங்கள், வேறு பேச்சு வேண்டாம். மூடியின் உட்புறத்தில் 0.750 என்று இருக்கிறதா பாருங்கள். 750 என்றால் 18 கேரட், 585 என்றால் 14, 375 என்றால் 9. எண்ணை எவன் வேண்டுமானாலும் குத்திவிடுவான். பக்கத்தில் உள்ள முத்திரைதான் பேசும். சுவிஸ் அரசின் பழைய முத்திரையில் 18 கேரட்டுக்குப் பெண்ணின் தலை, 14 கேரட்டுக்கு அணில். 1995 முதல் இவற்றுக்குப் பதிலாக ஒரே நாய்த்தலை வந்துவிட்டது. 1950களின் கடிகாரம் என்று சொல்லி நாய்த்தலை முத்திரை இருந்தால், கேஸ் பிற்காலத்தில் செய்ததா, பிற்காலத்தில் முத்திரை வாங்கியதா என்று கேட்க வேண்டும். 375 என்று இருந்தால் உடனே போலி என்று தள்ளவும் வேண்டாம். இங்கிலாந்துச் சந்தைக்குப் போன ஒமேகாக்களுக்கு பர்மிங்ஹாமின் டெனிசன் நிறுவனம் 9 கேரட் கேஸ் செய்து கொடுத்தது. அதில் பர்மிங்ஹாம் சோதனை நிலையத்தின் நங்கூர முத்திரையும், எந்த ஆண்டில் சோதித்தார்கள் என்பதற்கு ஓர் எழுத்தும் இருக்கும். என்னைக் கேட்டால், வெறும் '18 கே' என்று குத்திய கேஸைவிட அந்த 9 கேரட்டை நம்பி வாங்குவேன்.

மூடியின் உள்ளே ஊசியால் கீறியதுபோல் சின்னச் சின்ன எண்கள் தெரிந்தால் பயப்படாதீர்கள். ஒவ்வொரு முறை சர்வீஸ் செய்தபோதும் கடிகாரக்காரர் போட்டுவைத்த குறி அது. எனக்கு அதைப் பார்த்தால் சந்தோஷம்தான். பல கைகள் திறந்து பராமரித்திருக்கின்றன என்று தெரிகிறது.

அடுத்து மெஷின் மேல் பொறித்திருக்கும் எண். ஒமேகாவின் எண் ஒரு கோடியைத் தொட்டது 1944 வாக்கில், ஒன்றரைக் கோடி 1956 வாக்கில், இரண்டு கோடி 1960களின் தொடக்கத்தில். உங்கள் கடிகாரம் 1950கள் என்றால் எண் இவற்றுக்கு நடுவில் விழ வேண்டும். மூடியில் உள்ள கேஸ் எண்ணும் அதே காலத்தைச் சொல்ல வேண்டும். இரண்டும் பத்து வருடம் தள்ளிப்போனால் யாரோ ஜோடி சேர்த்திருக்கிறார்கள். தங்கம் விலை ஏறும்போதெல்லாம் கேஸை உருக்கிவிட்டு மெஷினை மட்டும் விற்பார்கள். அந்த மெஷின்களுக்குப் பிறகு வேறு கேஸ் கிடைத்துவிடும்.

நம் நாட்டில் பெரிய வம்பு டயல்தான். பழைய டயல் மங்கலாக இருக்கிறதே என்று புதிதாக பெயின்ட் அடித்து எழுதிவிடுவார்கள். கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழம் மாதிரி வெளியே ஜொலிக்கும். லென்ஸில் பார்த்தால் எழுத்தின் ஓரம் தடித்து வழிந்திருக்கும். நிமிடப் புள்ளிகள் மணியைக் காட்டும் கட்டைக் கோடுகளுக்கு நேராக உட்காராது. ஆறு மணிக்குக் கீழே 'சுவிஸ் மேட்' கோணலாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. இப்படி எழுதிய டயல் என்றால் சேகரிப்பவர்களிடம் விலை பாதியாகக்கூட இறங்கும். மங்கி, லேசாகக் கருத்த அசல் டயலுக்குத்தான் மதிப்பு. அதே காரணத்தால் பாலிஷும் பகை. நகையைப் போல இதையும் பத்தரிடம் கொடுத்துத் தேய்த்துவிடுகிறார்கள். கொம்பின் கூர் மழுங்கி, முத்திரை பாதி அழிந்து வருகிறது.

சான்றிதழ் இருந்தால் போதுமா என்று வேறொருவர் கீழே கேட்டிருக்கிறார். போதாது. பெரிய ஏலத்தில் விற்றதிலேயே ஏமாற்றம் நடந்திருக்கிறது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் என்ற ஏல நிறுவனத்தின் ஏலத்தில் ஓர் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. பல உதிரிபாகங்களைச் சேர்த்துக் கட்டிய கடிகாரம் அது என்று 2023-இல் ஒமேகா நிறுவனமே சொன்னது. அது தங்கம்கூட இல்லை, எஃகு. தங்கம் இருந்தால்தான் விலை என்பதும் இல்லை. பட்டேக் ஃபிலிப் என்ற சுவிஸ் நிறுவனத்தின் 1518 மாடலில் பெரும்பாலானவை தங்கம். எஃகில் நான்குதான் தெரிந்தவை. அவற்றில் ஒன்று 2016-இல் 1 கோடியே 10 லட்சம் ஃபிராங்குக்கு விற்றது. எடையைப் பார்த்து விலை போடும் நகைக்கடைக் கணக்கு இங்கே பாதி தூரம்தான் வரும்.

சரி, உங்கள் 2 லட்சத்துக்கு வருகிறேன். மெஷின், கண்ணாடி இல்லாமல் கேஸ் மட்டும் எவ்வளவு கிராம் என்று ஏலக்காரரிடம் கேளுங்கள். மொத்த எடையைச் சொன்னால் ஏற்காதீர்கள். 10 கிராம் என்றால், 18 கேரட்டில் 7.5 கிராம் சுத்தத் தங்கம். அன்றைய விலையோடு பெருக்குங்கள். அது அடிமட்ட விலை, யார் வாங்கினாலும் அதற்குக் கீழே போகாது. அதற்குமேல் எவ்வளவு கொடுக்கலாம் என்பதை டயலும் எண்களும் முடிவு செய்யும். டயல் மறுபடி எழுதியது என்றால் அடிமட்டத்துக்குமேல் கொஞ்சம்தான். எல்லாம் அசல் என்றால், அதே மாடல் மற்ற ஏலங்களில் உண்மையில் என்ன விலைக்கு முடிந்தது என்று தேடிப் பாருங்கள். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், முடிந்த விலையைப் பாருங்கள்.

இன்னொன்று, ஏலம் முடியும் விலைக்குமேல் ஏல நிறுவனத்தின் பங்கு இருக்கிறது. பெரிய நிறுவனங்களில் கால்பங்கு அளவுக்குக்கூட வரும், அதன்மேல் வரி. 2 லட்சத்துக்குக் கை தூக்கினால் இரண்டரை லட்சத்தைத் தாண்டிக் கட்ட வேண்டியிருக்கும். விதிமுறைத் தாளில் அந்தச் சதவீதத்தை முதலில் படியுங்கள், பிறகு உங்கள் உச்ச விலையைக் குறையுங்கள்.

பார்த்துவிட்டு வந்ததும் படங்களை எனக்கு அனுப்புங்கள். டயல், கொம்புகள், மெஷின், மூடியின் உட்புறம் நான்கும் வேண்டும். மூடியின் உட்புறம் இல்லாமல் வந்தால் நான் விலை சொல்லமாட்டேன். அடுத்த கேள்வி ஓசூரிலிருந்து, குவார்ட்ஸ் பேட்டரி பற்றி.