19 தோல்வியும் ஒரு பூஜ்யமும்

வணக்கம் நேயர்களே. குத்துச்சண்டை ரசிகர்கள் இரண்டு பேர் ஒரு இடத்தில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் யார் பெரியவர் என்ற தகராறில்தான் போய் நிற்கும். இன்று என்னைக் கூப்பிட்டதும் அப்படி ஒரு தகராறுக்குத்தான். சுகர் ரே ராபின்சன், ஃப்ளாய்ட் மேவெதர் என்ற இரண்டு அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர்களின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசச் சொன்னார்கள்.

சரி, முதலில் கணக்கு. மேவெதர் ஆடியது 50 போட்டி, ஜெயித்தது 50, அதில் 27 நாக் அவுட். ராபின்சன் ஏறத்தாழ 200 போட்டி ஆடியிருக்கிறார், 170க்கு மேல் வெற்றி, 100க்கு மேல் நாக் அவுட், 19 தோல்வி. பட்டியலுக்குப் பட்டியல் ஒன்றிரண்டு கூடும் குறையும், அந்தக் காலத்துப் பதிவுகள் அப்படி.

இதை மட்டும் பார்த்தால் பேசவே ஒன்றுமில்லை. பூஜ்யம் எங்கே, பத்தொன்பது எங்கே! நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் மொத்தத்தை விட்டுவிட்டு, ராபின்சனின் போட்டிகளைத் தேதி வாரியாகப் படிக்க ஆரம்பித்தேன், 1943 பிப்ரவரி வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

அதுவரை ராபின்சன் 40 போட்டி, 40 வெற்றி. 1940 அக்டோபரில் தொழில்முறைக்கு வந்தவர், 28 மாதத்தில் நாற்பது! மேவெதர் 1996 அக்டோபரில் தொடங்கி நாற்பதாவது வெற்றியைத் தொட்டது 2009 செப்டம்பரில், மார்க்கெஸை வென்றபோது. கிட்டத்தட்ட 13 வருடம். இதை மேவெதரைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, இரண்டு பேரும் செய்த வேலையின் பெயர்தான் ஒன்று, வேலை ஒன்றில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த பிப்ரவரிக்கு வருவோம். 5ஆம் தேதி டெட்ராய்ட்டில் ஜேக் லாமோட்டாவுடன் போட்டி. லாமோட்டா எடையில் நன்றாகவே கூடியவர், எத்தனை அடித்தாலும் முன்னால் வந்துகொண்டே இருக்கிற ரகம். எட்டாவது ரவுண்டில் ராபின்சனைக் கயிற்றுக்கு வெளியே தள்ளி விழ வைத்தார், புள்ளிகளில் ஜெயித்தார். ராபின்சனுக்கு முதல் தோல்வி. இன்றைக்கு ஒரு சாம்பியனுக்கு இப்படி நடந்தால் ஒரு வருடம் ஆளையே பார்க்க முடியாது. ராபின்சன் 19ஆம் தேதி இன்னொருவரோடு மோதி ஜெயித்தார். 26ஆம் தேதி அதே டெட்ராய்ட்டில், அதே லாமோட்டாவோடு மறுபடி இறங்கி ஜெயித்தார். எல்லாம் ஒரே மாதத்தில். கையோடு ராணுவத்துக்கும் போய்விட்டார். லாமோட்டாவோடு மொத்தம் ஆறு முறை மோதியிருக்கிறார், ஐந்து வெற்றி.

அடுத்த தோல்வி எப்போது தெரியுமா? 1951 ஜூலையில், லண்டனில், ராண்டி டர்பினிடம். நடுவில் எட்டு வருடத்துக்கு மேல் தோல்வியே கிடையாது. டர்பினுக்கு எதிரே போய் நின்றபோது அவர் கணக்கு 128 வெற்றி, 1 தோல்வி, 2 டிரா. 64 நாள் கழித்து நியூயார்க்கில், தன் கண்ணுக்கு மேலே கிழிந்து ரத்தம் ஓட ஓட, நடுவர் ஆட்டத்தை நிறுத்துகிற அளவுக்கு டர்பினை அடித்து ஜெயித்துவிட்டார்.

மூன்றாவது தோல்வி இன்னும் விசேஷம். 1952 ஜூன், யாங்கி ஸ்டேடியம். மிடில்வெயிட் எடைப் பிரிவில் சாம்பியனாக இருந்தவர், அதைவிடக் கனமான லைட் ஹெவிவெயிட் பிரிவின் பட்டத்துக்காக ஜோயி மாக்சிமோடு மோதுகிறார். அன்று அடித்த வெக்கையில் நடுவரே பத்தாவது ரவுண்டுக்கு மேல் தாங்காமல் இறங்கிவிட்டார், வேறு நடுவர் ஏறினார். ராபின்சன் புள்ளிகளில் முன்னிலையில் இருந்தும் 14ஆவது ரவுண்டுக்கு நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. பதிவேட்டில் அது ஒரு தோல்வி, அவ்வளவுதான். அந்த வருடக் கடைசியில் ஓய்வு அறிவித்தபோது மொத்தத் தோல்வி மூன்று.

மீதி பதினாறு? எல்லாம் 1955இல் பணத்துக்காகத் திரும்பி வந்த பிறகு, 33 வயதிலிருந்து 44 வயது வரைக்குள் வந்தவை. அந்தக் காலத்திலும் மிடில்வெயிட் பட்டத்தை மூன்று முறை திரும்பப் பிடித்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது மேவெதர். இவருடைய திறமையைச் சந்தேகப்படுகிறவர்கள் 2001இல் டியேகோ கொராலஸை ஐந்து முறை கீழே விழ வைத்த ஆட்டத்தைப் பார்த்தால் போதும். தோளை உருட்டி அடியை வழுக்கவிடுகிற அந்தத் தற்காப்பை இவரளவுக்குச் செய்தவர்கள் குறைவு. 36 வயதில், 23 வயது கனெலோ அல்வாரெஸைத் திணறடித்தார். ஐந்து எடைப் பிரிவுகளில் பட்டம் வாங்கியவர்.

ஆனால் காலம் வேறு. ராபின்சன் காலத்தில் எட்டு முக்கியப் பிரிவு, பிரிவுக்குப் பெரும்பாலும் ஒரே சாம்பியன், பட்டப் போட்டி 15 ரவுண்டு, எடை பார்ப்பது போட்டியன்றே. மேவெதர் காலத்தில் 17 பிரிவு, தனித்தனியாகப் பட்டம் கொடுக்கிற நான்கு பெரிய அமைப்புகள், 12 ரவுண்டு, எடை முந்தின நாளே. வீட்டில் இருந்தபடி காசு கட்டிப் பார்க்கிற ரசிகர்கள் வந்த பிறகு ஒரு நட்சத்திரம் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை ஆடினாலே போதும், தோற்காமல் இருப்பதுதான் முதல். அதை மேவெதரைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் யாருமில்லை. அதே காலத்தின் இன்னொரு பெரிய நட்சத்திரமான பக்கியாவோவோடு மேவெதர் மோதியது 2015இல், மேவெதருக்கு 38, பக்கியாவோவுக்கு 36. சில வருடம் முன்னாலேயே நடந்திருக்க வேண்டிய சண்டை. ஐம்பதாவது வெற்றியோ, அதற்கு முன் தொழில்முறைக் குத்துச்சண்டையே ஆடாத மெக்ரிகரிடம். அதை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, உங்கள் இஷ்டம்.

அந்தப் பூஜ்யமும் அப்படி ஒன்றும் இரும்பில் வார்த்ததில்லை. 2002 ஏப்ரலில் காஸ்டியோவுடன் நடந்த முதல் போட்டியில் நடுவர்கள் மேவெதருக்குக் கொடுத்தார்கள், ஆனால் காஸ்டியோதான் ஜெயித்தார் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் நிறைய. மறு ஆட்டம் கொடுத்து அதிலும் ஜெயித்தார், அதற்கு மேவெதரைப் பாராட்ட வேண்டும்.

இரண்டு பேரும் 147 பவுண்டு எடைப் பிரிவில், நல்ல வயதில் மோதினால் யார் என்று நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே என்னிடம் கேட்டார்கள். 12 ரவுண்டு என்றால் கொஞ்சம் யோசிப்பேன். 15 என்றால் ராபின்சன்தான். நன்றி, வணக்கம்.