ஒரு குவார்ட்டர் என்றால் எத்தனை?

நேயர்களுக்கு வணக்கம். குடிநோய் மறுவாழ்வு மையம் சரியாக நடக்கிறதா என்று மதிப்பிட வருகிறவர்கள், கையில் ஒரு கேள்வித்தாளோடு வருவார்கள். அந்தத் தாளை எழுதும்போதே குடியிலிருந்து மீண்டவர்கள் கூட உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரே ஒரு கேள்வியை எடுத்துப் பார்ப்போம்.

குடி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' தாளில் 10 கேள்விகள்; மதிப்பெண் ஏற ஏற ஆபத்து அதிகம். இரண்டாவது, குடிக்கிற நாளில் எத்தனை 'டிரிங்க்' என்பது. மதுரையில் யார் டிரிங்க் கணக்கில் குடிக்கிறார்கள்? குவார்ட்டர், கட்டிங், அவ்வளவுதான். "ஒண்ணுதான் சார்" என்பார் வந்தவர். எழுதுகிறவர் 'ஒன்று அல்லது இரண்டு' என்ற கட்டத்தில் டிக் அடிப்பார், மதிப்பெண் பூஜ்யம். அவர் சொன்னதோ ஒரு குவார்ட்டர். 180 மில்லி பிராந்தி, 42.8 சதவீதம் என்றால் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால். டிரிங்குக்கு 10 கிராம் வைத்தால் ஆறு, மதிப்பெண் 2. மீண்டவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், "குவார்ட்டரா, கட்டிங்கா? தனியாவா, பங்கு போட்டா?" என்று அப்போதே கேட்டிருப்பார்.

குடிக்காத நாட்களை மட்டும் எண்ணினாலும் போதாது. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் மீண்டவர்களோடு சேர்ந்து, மீட்சியை அளக்க உருவாக்கிய அளவுகோலில் 21 கேள்விகள். தங்க இடம், உறவு, உடம்பைக் கவனித்துக்கொள்வது எல்லாம் அதில் உண்டு. நம் பக்கத்துக்கு இன்னொன்று சேர்க்க வேண்டும்: கிடாவெட்டு விருந்தில் மாமன் மச்சான் ஊற்றி நீட்டும்போது என்ன சொல்லிச் சமாளித்தீர்கள்?

கேள்வித்தாள் எழுதும் கூட்டத்துக்கு மீண்டவர் ஒருவரை மட்டும் கூப்பிட்டால் டாக்டர்கள் நடுவில் அவர் வாயே திறக்க மாட்டார். இரண்டு மூன்று பேராவது வேண்டும். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறக்கிறது. காலையிலேயே கூடி, அதற்குள் அவர்களை பஸ் ஏற்றிவிடுங்கள். போன கூலியும் பஸ் செலவும் கையில் கொடுங்கள். ஓசியில் அறிவு கேட்பது அநியாயம்.

சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போனவர்களைத் தேடாமல் செய்கிற மதிப்பீடு பாதி மதிப்பீடுதான். அந்த மையத்து கவுன்சிலரே போய்க் கேட்டால் "எல்லாம் நல்லா இருந்துச்சு" என்ற பதில்தான் வரும். மையத்தின் பெயர் எழுதிய வண்டியை உசிலம்பட்டிப் பக்கம் ஒரு தெருவில் நிறுத்தினால், சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே மீண்டவர் ஒருவர் தனியாகப் போகட்டும். "ஏன் போனீங்க?" என்று தொடங்க வேண்டாம், குற்றம் சாட்டுவதுபோல இருக்கும். "எத்தனாவது நாள் கிளம்புனீங்க?" என்று கேட்கட்டும். மூன்றாம் நாள் என்றால், கை நடுக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் மருந்து சரியாகக் கொடுத்தார்களா என்று பார்க்க வேண்டும். கடைசி வாரம் என்றால், வீட்டில் அரிசி தீர்ந்திருக்கும்.