தீயில் எரிந்த மடம் மீண்டது, பாதை போனபின் மீளவில்லை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அயர்லாந்தின் க்ளான்மக்நாய்ஸ் மடத்தை வாள்தான் அழித்தது என்று எதிரணியினர் வாதாடினார்கள். பாதை மாறியதுதான் அழித்தது என்பது எங்கள் கட்சி.

வடக்கிலிருந்து வந்த கடற்கொள்ளையரான வைக்கிங்குகளின் கப்பல்களைச் சொன்னார்கள். ஐரிஷ் மன்னர்கள் வைத்த தீ அதைவிட அதிகம். 833-ல் மன்ஸ்டர் அரசன் ஃபெலிம் துறவிகளைக் கொன்று, தேவாலய வாசல்வரை எரித்தான். மடம் ஒழிந்ததா? 909-ல் அதே மண்ணில் கல்லால் பேராலயம் எழுந்தது! 1124-ல் கட்டி முடித்த வட்டக் கோபுரத்தின் தலையை 1135-ல் இடி தட்டிவிட்டது. 1179-ல் 105 வீடுகள் எரிந்தன. கொஞ்சம் எண்ணிப் பாருங்கள், எரிவதற்கு அத்தனை வீடு இருந்தால் அது வெறும் மடமா? ஊர் அல்லவா? மரச்சுவரும் கூரையும் எரிந்தால் மறுபடி கட்டலாம். கட்டுவதற்கு ஆளும் வருமானமும் வேண்டும். அவை எங்கிருந்து வந்தன?

பனியுகம் விட்டுச்சென்ற சரளை மேடு ஒன்று, எஸ்கர் ரியாடா என்று பெயர், சதுப்பு நிலத்தின் நடுவே கிழக்கு மேற்காக ஓடுகிறது. கால் புதையாமல் நடக்க அதுவே வழி. அது ஷானன் ஆற்றைச் சந்திக்கும் இடத்தில்தான் 6-ஆம் நூற்றாண்டில் புனித கியாரன் மடம் அமைத்தார். ஆற்றடியில் கிடைத்த ஓக் மரத்தூண்களின் வளையங்களை எண்ணியபோது, 804-ஐ ஒட்டி அங்கே பாலம் இருந்தது தெரிந்தது. வணிகர், யாத்ரீகர், அரசர் எல்லாரும் அந்த வழிதான்.

1120-ல் கானாட் அரசன் துர்லோ ஓ கானர் வடக்கே, அதே ஷானன் ஆற்றங்கரையிலுள்ள ஆத்லோனில் பாலம் போட்டான். பாதை அங்கே திரும்பியது. வேதனை என்னவென்றால், மடத்தின் பெரும் புரவலனே அவன்தான். 1156-ல் அவனை அடக்கம் செய்ததும் இந்த மடத்தில்தான். 1210-ல் ஆங்கிலேயர் ஆத்லோனில் கற்கோட்டை கட்டியதும் சந்தையும் அங்கே போயிற்று. இதற்கிடையே 1111-ல் தொடங்கிய திருச்சபைச் சீர்திருத்தம் மடாதிபதியின் அதிகாரத்தை ஆயரிடம் கொடுத்தது. 1142-ல் அயர்லாந்தின் மெல்லிஃபாண்ட் என்ற இடத்தில் கால்வைத்த சிஸ்டர்சியன் என்ற புதிய துறவற சபையினருக்குப் புதிய தானங்கள் சென்றன.

1552-ல் ஆங்கிலப் படை மணியையும் சன்னல் கண்ணாடியையும்கூட விடாமல் கொண்டுபோனதை எதிரணியினர் உருக்கமாகச் சொன்னார்கள். நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது. ஆனால் நடுவர் அவர்களே, இந்த முறை திருப்பிக் கட்ட ஊரே இல்லை. அந்தப் படை எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆத்லோன் கோட்டையிலிருந்து.